ஜாக்கெட் தைக்க வருபவர் சொல்வதும் சொல்ல வருவதும்

“அக்கா, கைக்குழிய இன்னும் கொஞ்சம் இறக்கிடுங்க. கையத் தூக்கினா ஜாக்கெட்டே சேந்து மேல வந்துடுது.”

லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கும் யாருக்கும் இது பழகிய வாசகம். சொன்னபடியே அரை இஞ்ச் இறக்கி வெட்டிக் கொடுத்தால், அதே அம்மா முன்னைவிடக் கோபமாகத் திரும்பி வருவார். கைக்குழி இறங்க இறங்க, கைத்துணியும் உடல்துணியும் சேரும் இடம் அக்குளை விட்டு நழுவி விலாப் பக்கம் போய்விடுகிறது. கையைத் தூக்கினால் அது பக்கத் தையலையே பிடித்து மேலே இழுக்கும். அவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: கைக்குழி அக்குளுக்கு ஒட்டினாற்போல் உயர வேண்டும், கைச் சுற்றளவு அரை இஞ்ச் தளர வேண்டும்.

அவர் சொன்னதில் பாதி சரி. கை தூக்கினால் ஜாக்கெட் ஏறுகிறது என்பது அவர் உடம்பு கண்ட உண்மை. கைக்குழியை இறக்கு என்பது அவராக எழுதிக்கொண்ட மருந்து. நோயை அவரிடம் முழுதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து நம் வேலை. ஆர்டர் எடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரியாத கடையில் எவ்வளவு நல்ல கட்டிங் மாஸ்டர் இருந்தும் ஆல்ட்டரேஷன் பை நிரம்பிக்கொண்டே இருக்கும்.

இதேபோல இன்னும் சில வாசகங்கள் உண்டு. “தோள் நழுவுது, தோளைப் பிடிச்சுக் குடுங்க” என்பார்கள். தோள் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முன்கழுத்து, பின்கழுத்து இரண்டும் அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் துணியைத் தோளில் நிறுத்த எதுவும் இல்லை. ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பின்கழுத்தின் மேல்பக்கம் கயிறு வைக்க வேண்டும். இறங்கு தோள் உள்ளவராக இருந்தால் தோள் சரிவைக் கூடுதலாக வெட்ட வேண்டும். “முன்னாடி வாய் பிளக்குது, லூஸ் பண்ணுங்க” என்பதிலும் பாதி நேரம் மார்பு அளவில் தப்பில்லை, கொக்கி வைத்த இடத்தில்தான் தப்பு. டாட், அதாவது மார்புக்கு வடிவம் தரப் பிடிக்கும் மடிப்புத் தையல், அதன் முனை வரும் உயரத்துக்கு நேராக ஒரு கொக்கி விழ வேண்டும். மேலிருந்து சரிசமமாகப் பிரித்து ஐந்து வைத்தால், அந்த முக்கியமான இடம் இரண்டு கொக்கிக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். பருத்த உடம்புக்கு ஆறு கொக்கி, இடைவெளி இரண்டு இஞ்சுக்குள்.

அளவு ஜாக்கெட் என்கிற பொய் சாட்சி

அளவு ஜாக்கெட் கொண்டு வந்தால் வேலை சுலபம் என்று நினைப்போம். அதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். நன்றாகப் பொருந்தும் ஜாக்கெட் அன்றைக்குத் துவைக்கப் போயிருக்கும், அல்லது அதுவே உடம்பில் இருக்கும். அலமாரியில் சும்மா கிடப்பது எதுவோ அதுதான் அளவுக்கு வரும். அது சும்மா கிடப்பதற்கு ஒரு காரணம் இருக்குமல்லவா?

எனவே துணியை வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள்: இதைக் கடைசியாக எப்போது போட்டீர்கள்? போடும்போது எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது? இதில் எதை அப்படியே வைக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்? “இதே மாதிரி, ஆனா” என்று அவர் ஆரம்பித்தால், அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதை அவர் சொன்ன வார்த்தையிலேயே பில்லில் எழுதுங்கள். ‘இடுப்பு அரை இஞ்ச் கூட்டு’ என்று நம் பாஷையில் மட்டும் எழுதினால், நாளைக்கு வெட்டுபவருக்கு அந்த அரை இஞ்ச் எதற்கு என்று தெரியாது. ‘உட்கார்ந்தால் கீழ்ப்பட்டி அறுக்குது’ என்று சேர்த்து எழுதினால் அவரே யோசித்துப் பட்டியை அரை இஞ்சுக்கு மேலேயும் தளர்த்துவார்.

பிறகு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையல் பிரித்த தடம் இருக்கிறதா, பிடித்த தடம் இருக்கிறதா? பிரித்திருந்தால் உடம்பு பெருத்திருக்கிறது. அளவெடுக்க வேண்டியது இப்போது தையல் ஓடும் கோட்டிலிருந்து. பழைய ஊசித் துளையை வைத்து எடுக்கக்கூடாது. அக்குளில் வெளுத்து நைந்திருந்தால் அங்கே இறுக்கம். பலமுறை துவைத்த பருத்தி ஜாக்கெட் சுருங்கியிருக்கும். நெகிழும் துணியில் தைத்ததை அளவுக்கு வைத்துக்கொண்டு பட்டில் தைத்தால் கை நுழையாது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமான விஷயம். வயது ஏற ஏற டாட் முனை இறங்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட்டில் தோளிலிருந்து ஒன்பதரை இஞ்சில் இருந்தது இன்று பத்து, பத்தரைக்கு வந்திருக்கலாம். பழைய ஒன்பதரையிலேயே டாட் பிடித்தால் முனைக்குக் கீழே சுருக்கம் விழும், “ஃபிட்டிங் சரியில்ல” என்று மட்டும் புகார் வரும். காரணத்தை அவர் சொல்ல மாட்டார், நாமும் சொல்லிக்காட்டத் தேவையில்லை. “புதுசா ஒரு தடவை அளவு எடுத்துக்கலாமா, பட்டுத் துணி, ரிஸ்க் வேணாம்” என்றால் போதும். “கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க போல” என்று ஆரம்பிக்கிறவரிடம் யாரும் இரண்டாவது முறை வருவதில்லை.

உடம்பில் அளவெடுக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரல் நுழையும் தளர்வு வைக்கிறோம். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாதது, அளவை உரக்கச் சொல்வதை நிறுத்துவது. “மார்பு நாப்பத்திரெண்டு, எழுதிக்க!” என்று உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் கத்தும்போது, கவுன்ட்டரில் பில் கட்ட நிற்கும் இன்னொருவர் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். திரைக்கு உள்ளேயே ஒரு சின்ன அட்டையும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டு, எடுப்பவரே எழுத வேண்டும். ஆண்கள் நடத்தும் கடைகளில் அளவு ஜாக்கெட் மட்டுமே வருகிறதென்றால், உடம்பில் அளவெடுக்க ஒரு பெண் இல்லாததே அநேகமாகக் காரணம். தினமும் மாலை இரண்டு மணி நேரம் ஒருவரை அமர்த்தினாலே மாறிவிடும்.

அந்த ஜாக்கெட் என்ன வேலை செய்யப் போகிறது

எந்த மாடல் என்று கேட்கும் முன், எங்கே போட்டுக்கொண்டு போவீர்கள் என்று கேளுங்கள். பள்ளி ஆசிரியை நாள் முழுவதும் கரும்பலகையில் கை உயர்த்தி எழுதுவார். அவருக்கு உயரம் ஒரு இஞ்ச் கூட்டி, கைக்குழியை ஒட்ட வைத்து, பின்கழுத்தை ஆறு இஞ்சுக்குள் நிறுத்தினால் அவர் சொல்லாமலே சந்தோஷப்படுவார். தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வேலைக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். கைக்குழந்தைக்காரருக்கு முன்பக்கக் கொக்கி. அதிலும் ஒரு கையால் கழற்ற வருமா என்று பார்க்க வேண்டும். தோள்வலி உள்ள பெரியவர்களுக்குப் பின்பக்கக் கொக்கியும் ஜிப்பும் தண்டனை. மெல்லிய கண் கொக்கிக்குப் பதில் அவர்களுக்குப் பெரிய கொக்கி வைத்து, அது மாட்டும் நூல் வளையமான காஜாவையும் சற்றுத் தளர்த்தி எடுங்கள். கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் வேறு கணக்கு: ஓமப் புகையிலும் வீடியோ விளக்கிலும் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பட்டுக்கு உள்ளே பருத்தி லைனிங் தவிர எதுவும் வேண்டாம். பளபளப்பான செயற்கை லைனிங் விலை குறைவு என்று வைத்தால் வியர்வையில் அவர் படும் பாட்டுக்கு முழுப்பழியும் நம்மேல்தான்.

இப்போதெல்லாம் எல்லோரும் போனில் படத்தோடு வருகிறார்கள். படத்தைப் பார்த்ததும் “பண்ணிடலாம்” என்று சொல்லிவிடுவது பெரிய அவசரம். “இதுல உங்களுக்குப் பிடிச்சது எது?” என்று கேட்டால், அநேகமாக ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். கையில் இருக்கும் சுருக்கம், அல்லது கழுத்து வடிவம், சில நேரம் வெறும் நிறம். மற்றதெல்லாம் நாமே இழுத்துப் போட்டுக்கொள்ளும் வேலை. கழுத்தின் ஆழத்தைப் படத்திலிருந்து எடுக்கவே கூடாது. கழுத்தெலும்பிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, “இதுவரைக்கும் இறங்கலாமா?” என்று கண்ணாடியில் காட்டி அவரையே விரல் வைக்கச் சொல்லுங்கள். பதினான்கு இஞ்ச் உயர ஜாக்கெட்டில் பத்து இஞ்ச் பின்கழுத்து என்றால் முதுகில் மிஞ்சுவது நான்கு இஞ்ச் பட்டைதான், உள்ளாடை தெரியும். கப் வைக்கவா என்று அப்போதே பேசிவிட வேண்டும். டெலிவரி அன்றைக்குப் பேசினால் அது சண்டை.

அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தால் நிலைமை கொஞ்சம் நுணுக்கம். போடுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், இருவருக்கும் கழுத்து ஆழத்தில் இரண்டு இஞ்ச் தகராறு. இதில் யார் பக்கமும் சாயாமல் இருக்கத் தையல் சாஸ்திரமே வழி கொடுக்கிறது: கழுத்தையும் கைக்குழியையும் பிறகு இறக்கலாம், ஏற்ற முடியாது. உயரத்தை மடிக்கலாம், நீட்ட முடியாது. எட்டா பத்தா என்று தகராறு என்றால் எட்டு இஞ்சில் கட் பண்ணி, கழுத்து ஓரத்தில் பைப்பிங் வைக்கும் முன் மகளை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பேசும்போது மகளைப் பார்த்து அளவைப் பற்றிப் பேசுங்கள், அம்மாவைப் பார்த்து நாள், பணம். கூப்பிடும் முறையிலும் கவனம் தேவை. அம்பது வயதுக்காரரை ‘அக்கா’ என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முப்பது வயதுக்காரரை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்ட ஒரே வார்த்தைக்காக எதிர்க்கடைக்குப் போனவர்கள் உண்டு.

துணியை வாங்கும் மேஜையில்

துணியை மடித்தபடியே பையில் போடுவது தப்பு. அவர் கண் முன்னே விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறை, இழை விட்ட இடம், சின்னக் கிழிசல் எது இருந்தாலும் காட்டி, பில்லில் எழுதி விடுங்கள். சேலையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி என்றால் அது முந்திப் பக்கமா, உள்பக்கமா என்று பார்த்து, எங்கே வெட்டுவது என்று அவரையும் வைத்துக்கொண்டே கோடு போடுங்கள். பட்டுச் சேலையில் அந்தத் துண்டு சாதாரணமாக 80 செ.மீ. இருக்கும். அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். பதினான்கு இஞ்ச் சுற்றளவுள்ள கைக்குத் தையலுக்கு விடும் பிடிப்பும் சேர்த்தால் பதினாறு, இரண்டு கைக்கு முப்பத்திரண்டு. ஒரே பக்கத்துக் கரையில் இரண்டு கையும் எடுக்க அரை இஞ்ச் குறையும். இரு பக்கமும் ஒரே கரையாக இருந்தால் கைக்கொன்றாக எடுக்கலாம். ஒரு கரை பெரிது, ஒரு கரை சிறிது என்றால் அக்குள் அடியில் ஒட்டுப் போட வேண்டியிருக்கும். இதை ஆர்டர் எடுக்கும்போது சொன்னால் ‘எவ்வளவு விவரமா சொல்றாங்க’. டெலிவரியில் அவரே கண்டுபிடித்தால் ‘துணியைத் திருடிட்டாங்க’. ஒட்டு ஒன்றுதான், சொன்ன நாள்தான் வேறு.

துணித் திருட்டுச் சந்தேகம் தையல்காரரோடு கூடவே பிறந்தது. மீந்த துண்டுகளை, விரல் அகலக் கரையானாலும், மடித்து அதே கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பாதிப்பேர் வீட்டுக்குப் போய்க் குப்பையில்தான் போடுவார்கள். இருந்தாலும் கொடுக்க வேண்டும். கூடவே இரண்டு கொக்கியும் அதே நிற நூலில் கொஞ்சமும் ஒரு சின்னக் கவரில்.

லைனிங் விஷயத்தில் வாடிக்கையாளருக்கும் நமக்கும் ஒரு நிரந்தர இழுபறி. “நாளைக்கே வேணும்” என்பவருக்காக லைனிங்கை நனைக்காமல் வெட்டினால், முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி அங்கங்கே உப்பி நிற்கும். இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். அடர்சிவப்பு, மெரூன் லைனிங் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நாள் ஆகும் என்பதைக் காரணத்தோடு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. காரணம் சொல்லாமல் “ரெண்டு நாள் ஆகும்” என்றால்தான் பேரம்.

உள்பக்கப் பிடிப்பில் ஒரு சின்ன உபகாரம் செய்யலாம். பக்கத் தையலில் ஒன்றரை இஞ்ச் துணி விட்டு, அசல் தையலுக்கு வெளியே கால் இஞ்ச் இடைவெளியில் இன்னும் இரண்டு தையல் ஓட்டி வையுங்கள். வீட்டிலேயே உள்தையல் ஒன்றைப் பிரித்தால் இரு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் ஒரு இஞ்ச் கிடைக்கும்: கால் இஞ்ச், முன்னும் பின்னும், இரண்டு பக்கம். இதை வாயால் சொல்லி, உள்ளே திருப்பிக் காட்டிக் கொடுக்க வேண்டும். காட்டாவிட்டால் வைத்தும் பயனில்லை.

நாள் சொல்வது

“எப்ப வேணும்?” என்று கேட்டால் “சீக்கிரம்” என்றுதான் பதில் வரும். “விசேஷம் எப்போ?” என்று கேளுங்கள். இரண்டையும் பில்லில் எழுதி, விசேஷத்துக்கு நான்கு நாள் முன்பாக டெலிவரி வையுங்கள். போட்டுப் பார்க்க ஒரு நாள், சரிசெய்ய ஒரு நாள், மீதி இரண்டு நாள் மின்தடைக்கும் காய்ச்சலுக்கும். மூன்று மிஷின், ஆளுக்கு நான்கு லைனிங் ஜாக்கெட் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு. டைரியில் பத்துக்கு மேல் எழுதக்கூடாது. இரண்டு இடம் ஆல்ட்டரேஷனுக்கு, துக்க வீட்டு அவசரத்துக்கு. பக்கம் நிறைந்தால் அடுத்த பக்கம், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். தீபாவளிக்கு இருபது நாளுக்கு முன்பே ‘ஆர்டர் முடிந்தது’ என்று பலகை வைக்கும் கடைக்கு மறுவருஷம் முப்பது நாளுக்கு முன்பே கூட்டம் வரும்.

தாமதம் எல்லாக் கடையிலும் நேரும். ஆனால் மனுஷி கோபப்படுவது தாமதத்துக்கு அவ்வளவாக இல்லை, வீண் நடைக்குத்தான். அரைநாள் பர்மிஷன் போட்டு, இரண்டு பஸ் மாறி வந்து நிற்பவரிடம் “பட்டன் மட்டும் தெக்கணும், நாளைக்கு வாங்க” என்றால் அந்த ஜாக்கெட்டை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பேர் வராது. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு மறுநாள் டெலிவரிகளை மேஜையில் அடுக்கி, தைத்து முடியாதவற்றுக்கு உடனே போன் செய்ய வேண்டும். இது ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகாது. பெரும்பாலான கடைகளில் நடப்பதும் இல்லை.

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சேலையெல்லாம் பீரோவில் தூங்கி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மொத்தமாக நம் கடைக்கு வரும். ஆடி நடுவிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: ‘ஆவணி விசேஷத்துக்குத் தைக்க இருந்தால் இந்த வாரம் கொடுத்தால் அவசரமில்லாமல் தைக்கலாம்.’ வாழ்த்துப் படம், பூப்படம் எதுவும் வேண்டாம்.

கொடுத்த பிறகு

டெலிவரியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு ஆள் நிற்கும் இடம், தாழ்ப்பாள், சேலையை மாட்ட ஒரு கொக்கி, ஒரு ஃபேன், முதுகைப் பார்க்க எதிரெதிரே இரண்டு கண்ணாடி இருந்தால் போதும். போட்டதும் “நல்லாருக்கா?” என்று கேட்டால் கூச்சத்துக்கு “நல்லாருக்கு” என்பார். “கையத் தூக்குங்க, உக்காருங்க, குனிஞ்சு பாருங்க” என்று சொல்லுங்கள், உண்மை வெளிவரும். கையோடு சரிசெய்யக்கூடியதை அவர் உட்கார்ந்திருக்கும்போதே, இலவசமாக. தூக்கி எறிந்து பேசுபவரைப் பற்றிப் பயமில்லை, அவர் மறுபடி வருவார். “பரவால்லக்கா” என்று சொல்லிவிட்டு வாங்கிப் போகிறவர்தான் திரும்பி வராதவர்.

வெட்டில் தப்பு நடந்துவிட்டால், அவர் வந்து பார்க்கும்வரை காத்திருக்காதீர்கள். சேலையோடு வந்த பட்டுத்துணி என்றால் கடையில் வேறு வாங்கி ஈடுகட்ட முடியாது. எந்த இடம், எவ்வளவு, என்ன செய்தால் மறையும் என்று இரண்டு வழி யோசித்து வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். மாறுபட்ட நிறத்தில் பட்டை வைப்பது, வலைத்துணி சேர்ப்பது, எதுவானாலும் தேர்வு அவருடையது, செலவு நம்முடையது. தையல் கூலியைத் தானாகவே விட்டுக்கொடுத்து விடுங்கள், அவர் கேட்கும்வரை வைத்திருக்க வேண்டாம்.

கடைசியாக நோட்டு. போன் எண்ணைத் தலைப்பாக வைத்து ஆளுக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு முறையும் தேதியோடு அளவு. அளவைவிட ஓரக்குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம்: இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், லேஸ் உறுத்தும், ஐந்தாவது மாதம், எப்போதும் தளர்வாகக் கேட்பார், பின்கழுத்தில் தழும்பு, கயிறு வேண்டாம். டெலிவரியில் எதைச் சரிசெய்தோமோ அதையும் அன்றே எழுதினால், மூன்றாவது ஜாக்கெட்டுக்கு ஆல்ட்டரேஷன் இருக்காது. ஆறு மாதம் தாண்டினால் அளவை மறுபடி எடுக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் நேரில் வர மாட்டார். பையன் சைக்கிளில் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்து, “அம்மா போன தடவை மாதிரியே தெக்கச் சொன்னாங்க” என்று ஓடிவிடுவான். நோட்டைத் திறந்தால் போன தடவை இரண்டு இருக்கும்: முன்பக்கக் கொக்கி வைத்த பருத்தி ஒன்று, ஒன்பது இஞ்ச் கழுத்தோடு பட்டு ஒன்று. பையைப் பிரிக்கும் முன் போனை எடுத்து, இரண்டில் எது, விசேஷம் என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.